தேவாலய முற்றத்தில் தார் வேண்டாம்

பழைய நகரங்களில் நிமிர்ந்து நிற்கும் தேவாலயங்கள் பல, உலகின் பல பகுதிகளிலும் ஒரே வகையான விண்ணப்பத்தைக் கையிலேந்தி ஊராட்சி மன்றங்களின் வாயிற்படி ஏறுவதைக் காண்கிறோம். வழிபாட்டுக்கு வருவோர் தம் கார்களை நிறுத்த இடமின்றித் தவிக்கின்றனர். தெருவோரம் நிறுத்தினால் தண்டச் சீட்டு வருகிறது. ஆகவே ஆலய வளாகத்துக்குள்ளோ, வளாகத்தை ஒட்டிய மனையிலோ, தெருவை விட்டு விலகிய நிறுத்துமிடம் ஒன்றை அமைத்துக்கொள்ள இசைவு தரவேண்டும் என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம். கேட்பவர் இறையடியார், கேட்கும் பொருளும் சிறியது, நிலமோ பெரும்பாலும் அவர்களுக்கே உரியது. இதனை மறுக்கத் துணிபவன் கல்நெஞ்சனாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றும். ஆயினும் வரலாற்றுச் சூழலின் நடுவே நிற்கும் ஆலயம் எதற்கும் இந்த இசைவைத் தரலாகாது என்பதே என் கட்சி. அதனை ஆலயங்களின்மீது கொண்ட பகையால் கூறவில்லை; அவற்றை ஆலயங்களாகவே காண விரும்புவதால் கூறுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நாம் தொலைவு போக வேண்டியதில்லை. பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரமே போதும். 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் ஒருசேர யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தனித்தனிக் கட்டடங்களின் அழகுக்காக மட்டும் அந்தச் சிறப்பு வழங்கப்படவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பல இனத்தார், பல சமயத்தார், தோளோடு தோள் உரசி வாழ்ந்த வாழ்வின் தடயம் கலையாமல் நிற்கிறது என்பதற்காகவே அது வழங்கப்பட்டது. பழைய பிட் தெருவில், இன்றைய மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில், ஒரு முனையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். புனித ஜார்ஜ் தேவாலயம். சிறிது தொலைவில் சீனரின் கருணைத் தேவி கோயில். பக்கத்துக் குயின் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அப்பால் 1801இல் தென்னிந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கால் மணி நேரம் நடந்தால் நான்கு சமயங்களின் வாயிலைக் கடந்துவிடலாம். நடந்தால் என்று சொன்னேன். இந்நகரம் நடப்பவனுக்காகக் கட்டப்பட்டது. ஐந்தடிப் பாதையின் அகலத்தை அளந்து பார்த்தவர்க்கு இது விளங்கும்.

புனித ஜார்ஜ் தேவாலயம் 1818ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டியது என்று நூல்கள் கூறும். கட்டச் சொன்னவர் கம்பெனியார். கட்டியவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள். சென்னையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தின் சாயலில் அது எழுந்தது. முதலில் அதன் கூரையும் தட்டையாகவே இருந்தது. நம் மழைக்கு அது தாங்காமல், 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினர். வெண்ணிறத் தூண்களைத் தாங்கி நிற்கும் அதன் முகப்புக்கு முன்னே புல்வெளி விரிந்து கிடக்கிறது. அப்புல்வெளியில் பிரான்சிஸ் லைட்டின் நினைவாக 1886இல் எழுப்பிய வட்ட மண்டபம் ஒன்றும் உண்டு. இத்தகைய கட்டடத்தை அருகே நின்று காண இயலாது. சற்று விலகி நின்றாலன்றித் தூண்களின் அளவும் கோபுரத்தின் உயரமும் கண்ணுக்குள் அடங்கா. கட்டிய சிற்பியும் அந்தத் தொலைவைக் கணக்கிட்டுத்தான் கட்டினான். ஆகவே அந்த வெற்றிடம் காலி மனையன்று. தூணும் சுவரும் எவ்வாறு கட்டடத்தின் உறுப்புகளோ, அவ்வாறே முற்றமும் ஓர் உறுப்பு. இத்தகைய முற்றத்தில் கார்களை வரிசை வரிசையாக நிறுத்தினால், கண்ணாடிகளின் பளபளப்புக்குப் பின்னால் அரைத் தூண்கள்தாம் தெரியும்.

"சுவருக்கு ஒரு கேடும் இல்லையே, தரையைத்தானே கேட்கிறோம்" என்பர் சிலர். பழைய சுவர்களின் இயல்பை அறியாதவர் கூற்று இது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவர்களுக்கு இக்காலத்துக் கட்டடங்களைப்போல் அடியில் ஈரத்தடுப்புக் கிடையாது. அவை நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விடும். அவ்வாறே நூற்றாண்டுகளாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சுற்றிலும் மண்ணும் புல்லும் இருக்கும்வரை மழைநீர் பரந்து இறங்கும். தரையின் ஈரமும் பரவலாகவே உலரும். தாரும் கான்கிரீட்டும் போட்டு மண்ணை மூடிவிட்டால், அடைபட்ட ஈரம் வெளியேறுவதற்குச் சுவரொன்றே வழி. ஈரத்தோடு உப்பும் ஏறும். உப்பு ஏறிய சுவரில் பூச்சு பொரிந்து உதிரும். பின் செங்கல்லே மாவாகும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவர் பழமொழி. இங்கே சித்திரமே சுவர்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். உணர்ச்சியைவிடக் கணக்கு இவ்வழக்கில் நல்ல சாட்சி. ஒரு கார் நிற்பதற்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் வேண்டும். உள்ளே வந்து திரும்பி வெளியேறத் தடமும் சேர்த்தால், ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் தரை போய்விடும். அக்காரில் வருவோர் நால்வர் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் இருவராகவும் இருப்பர். அந்நால்வரும் ஆலயத்துள் அமர்வதற்கு, நடைபாதையும் சேர்த்துத் தாராளமாகக் கணக்கிட்டால், 3 சதுர மீட்டர் போதும். அதாவது, வழிபடுவோனுக்கு வேண்டிய இடத்தைப்போல் எட்டு மடங்கு இடத்தை அவன் ஏறிவந்த வண்டி கேட்கிறது. நூறு கார்களுக்கு 2,500 சதுர மீட்டர். அரை ஏக்கருக்கும் மேல். ஜார்ஜ் டவுனில் அரை ஏக்கர் என்பது எத்தனைக் கடைவீடுகளின் தரை என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவர். இவ்வளவும் எத்தனை நேரத்துக்கு? வாரத்துக்கு 168 மணி நேரம். வழிபாடு, மறைக்கல்வி, திருமணம் எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்றாலும், 160 மணி நேரம் அந்தத் தரை வெயிலில் காயும்.

காயும் என்று சொல்வதுகூடத் தவறு. காய விடமாட்டார்கள். திங்கட்கிழமை காலையில் அருகிலுள்ள அலுவலகத்தார் ஒருவர் வந்து, மாத வாடகைக்கு இடம் தருவீர்களா என்று கேட்பார். ஆலயத்துக்குக் கூரை பழுது பார்க்கப் பணம் வேண்டியிருக்கும், தருவார்கள். பிறகு வாயிலில் ஒரு சிறு கூண்டு, அதனுள் ஒருவர், மணிக்கு இத்தனை வெள்ளி என்று ஓர் அறிவிப்புப் பலகை. ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் தலை வைக்க இடம் கொடுத்த கதைதான். ஆலயத்தை வாணிபக் கூடமாக்கியவர்களைச் சாட்டை எடுத்து விரட்டிய செய்தியை நற்செய்தி நூலில் வாசிப்போரே, ஆலய வாயிலில் கட்டணச் சீட்டுக் கிழிப்பதைச் சகித்துக்கொண்டு உள்ளே நுழைய நேரும்.

ஆனால் இக்கணக்கு ஒன்றே வழக்கை முடித்துவிடாது. கார்கள் ஏன் வந்தன என்று கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்காமல் ஆலயத்தாரைக் குறை கூறுவது அறமன்று.

ஒரு காலத்தில் இந்நகரத்து ஆலயங்களுக்கு எவரும் காரில் வரவில்லை. பார்க்குவார் தெருவிலுள்ள விண்ணேற்பு மாதா ஆலயத்தின் கத்தோலிக்கச் சமூகம், நகரம் தோன்றிய 1786ஆம் ஆண்டிலேயே கெடாவிலிருந்து வந்து குடியேறியது. இன்று நாம் காணும் ஆலயம் 1860களின் தொடக்கத்தில் எழுந்தது. கூட்டம் பெருகியபோது, 1928இல், கட்டடத்துக்கு இருபுறமும் சிறகுகள் சேர்த்தனர். கவனியுங்கள்: கூட்டம் பெருகியபோது மனிதருக்கு இடம் சேர்த்தார்கள், வண்டிக்கு அன்று. ஏனெனில் அவ்வாலயத்தின் மக்கள் அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் குடியிருந்தார்கள். மணியோசை கேட்டபின் புறப்பட்டாலும் முதல் பாடலுக்கு வந்துவிடலாம். தொலைவில் இருந்தோர்க்கு டிராம் வண்டி இருந்தது. 1936 வரை அது ஓடிற்று. மின்கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடிய டிராலி பேருந்து 1925 முதல் 1961 வரை இருந்தது. வண்டியில் வந்தவர் இறங்கினார். வண்டி தன் வழியே போயிற்று. அது நிற்க யாரும் முற்றம் கேட்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? 1985ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டில்தான் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டில்தான் புரோட்டோன் சாகா காரும் வெளிவந்தது. பாலமும் காரும் சேர்ந்து, எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம், எங்கு வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு வரலாம் என்ற புதிய பழக்கத்தை நடுத்தரக் குடும்பத்துக்குக் கற்பித்தன. ஆயினும் நகரத்து மக்களின் வேரை அறுத்தது காரன்று; வாடகை. போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த 1966ஆம் ஆண்டுச் சட்டம், 1997இல் நீக்கம் பெற்றது; அந்நீக்கம் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. சில பத்து வெள்ளிக்குத் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள், புதிய வாடகையைக் கேட்டு மலைத்து, பாய் படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டு புறநகருக்குப் போயின. அவர்கள் போன கடைவீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. பின்னர்ச் சில தங்குவிடுதிகளாயின, சில காப்பிக் கடைகளாயின. ஆலயம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆலயத்தின் மக்கள் போய்விட்டார்கள். இதன் விளைவு எவ்வளவு கொடிது என்பதற்கு ஒரே சான்று போதும். 1955இல் பினாங்கு மறைமாவட்டம் அமைந்தபோது பேராலயமாக உயர்ந்த விண்ணேற்பு மாதா ஆலயம், 2003இல் அச்சிறப்பைக் கிரீன் லேன் பக்கத்திலுள்ள தூய ஆவியார் ஆலயத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஆயரின் இருக்கையே மக்களைத் தேடிப் புறநகருக்குப் போயிற்று என்றால், மற்றதைச் சொல்வானேன்?

ஆக, ஞாயிறு காலையில் நகரத்துத் தேவாலயத்துக்குக் கார் ஓட்டி வருபவர் அந்நியர் அல்லர். அவருடைய பாட்டனார் அவ்வாலயத்துக்கு நடந்து வந்தவர். தாம் திருமுழுக்குப் பெற்ற இடத்தை விடமனமின்றி இவர் பத்து மைல் ஓட்டி வருகிறார். இவரை மதிக்கிறேன். இவர் கேட்பதைத்தான் மறுக்கிறேன். ஏனெனில் இவர் இழந்தது நிறுத்துமிடத்தை அன்று, குடியிருப்பை. இழந்த ஒன்றுக்கு ஈடாக வேறொன்றைக் கேட்கிறார். அதுவும், எஞ்சியிருப்பதை அழித்துத் தரும்படி கேட்கிறார். ஆலயத்தை அடுத்துள்ள இரண்டு பழைய வீடுகளை வாங்கி இடித்துச் சமன் செய்து கார் நிறுத்தினால், நாளை ஒரு குடும்பம் திரும்பி வந்து வாழ்வதற்கு இருந்த இரண்டு வீடுகளும் போயின. மக்கள் இல்லாமையால் வந்த குறையை, மக்கள் ஒருபோதும் திரும்ப முடியாதபடி செய்து தீர்ப்பதா? கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்பது இதுதான்.

எதிர்க்கட்சியாரின் வாதங்களில் ஒன்று என்னைத் தைப்பது. "பழமையைக் காக்கிறோம் என்போர் யாருக்காகக் காக்கிறார்கள்? படமெடுக்க வரும் சுற்றுப்பயணிக்காகக் காக்கிறார்கள். அவனுடைய பெரும் பேருந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றால் நகரத்துக்கு வருவாய் என்கிறார்கள். முழங்கால் வலிக்கும் எங்கள் மூதாட்டி காரை விட்டு இறங்கினால் போக்குவரத்துக்கு இடையூறு என்கிறார்கள். வழிபாடு நின்றுபோனால் உங்கள் பாரம்பரியக் கட்டடம் வெறும் கூடுதானே?" என்று கேட்கிறார்கள். இக்கேள்வியில் உண்மை உண்டு. வழிபடுவோர் இல்லாத ஆலயம் என்னாகும் என்பதைச் சிங்கப்பூரில் பார்த்தோம். விக்டோரியா தெருவிலிருந்த கன்னிமாடமும் அதன் சிற்றாலயமும் இன்று உணவகங்களும் மதுக்கடைகளும் கொண்ட சைம்ஸ் வளாகமாக விளங்குகின்றன. கட்டடம் பிழைத்தது, அவ்வளவுதான். ஆகவே முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் வழி செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் முழங்கால் வலிக்கும் மூதாட்டிகள் எத்தனை பேர்? அவர்களுக்கும், பிணவண்டிக்கும், மணமக்களின் வண்டிக்கும் சேர்த்து, ஏற்கெனவே உள்ள வண்டிப்பாதையின் ஓரத்தில் ஐந்தாறு இடங்கள் ஒதுக்கினால் போதும். ஒரு புல்லையும் பெயர்க்க வேண்டியதில்லை. மூதாட்டியின் பெயரால் விண்ணப்பம் எழுதி, அவருடைய பேரன்மார் எண்பது பேருக்கு இடம் வாங்குவதையே நான் எதிர்க்கிறேன்.

சிங்கப்பூரைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். புனித ஆண்ட்ரூஸ் பேராலயம் 1856இல் தொடங்கி 1861இல் நிறைவுற்றது. அதுவும் இந்தியக் கைதிகளின் கைவேலையே. உட்சுவர்களுக்குப் பூசிய சாந்து, மதராஸ் சுண்ணாம்பு எனப்படும் நம் நாட்டுச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் உருண்டைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினர் என்று, கைதிகளின் வேலையை மேற்பார்த்த மேஜர் மெக்நேர் எழுதி வைத்திருக்கிறார். சென்னை மாகாணத்து வீடுகளில் நம் பாட்டன்மார் செய்த வேலை இது. 1973இல் இப்பேராலயம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. கூட்டம் பெருகி இடம் போதாமற்போனபோது அவர்கள் என்ன செய்தார்கள்? புல்வெளியின்மேல் இன்னொரு கூடத்தை எழுப்பிப் பேராலயத்தை மறைக்கவில்லை. புல்வெளிக்கு அடியில் குடைந்து, புதிய வழிபாட்டுக் கூடத்தை நிலத்துக்குள் அமைத்து, 2005இல் திறந்தனர். அருகே நகர மண்டப ரயில் நிலையம் 1987 முதலே இருந்தது. வழிபடுவோர் படியேறினால் ஆலய வளாகம். இடநெருக்கடியை முற்றத்தை அழித்துத்தான் தீர்க்கவேண்டும் என்போர் அங்குச் சென்று பார்க்கட்டும்.

சிங்கப்பூர் செய்ததெல்லாம் சரியென்று கூறுகிறேன் என எண்ணிவிட வேண்டாம். ஸ்டாம்ஃபர்ட் சாலையிலிருந்த செங்கல் நிற தேசிய நூலகத்தை, மக்கள் மன்றாடியும் கேளாமல், 2004இல் இடித்தவர்கள் அவர்களேதாம். எதற்காக? ஒரு சுரங்கச் சாலைக்காக. கார்கள் சில நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வதற்காக. அந்நூலகத்தில் படித்து ஆளான தலைமுறை அந்த வடுவை இன்றும் தடவிப் பார்த்துக்கொள்கிறது. காருக்கு விட்டுக்கொடுத்த பழைய கட்டடம் எதுவும் எந்த ஊரிலும் திரும்பி வந்ததில்லை.

இந்தக் கார்ப் பித்தின் தாயகம் அமெரிக்கா. அங்கு நகரங்கள்தோறும் சட்டமே அப்படி எழுதி வைத்தார்கள்: ஆலயத்தில் இத்தனை இருக்கைக்கு ஒரு கார் வீதம் நிறுத்துமிடம் இருந்தே தீரவேண்டும் என்று. சட்டத்துக்கு அஞ்சி, ஆலயங்கள் அண்டை வீடுகளை வாங்கி இடித்தன. இடிக்க இடிக்க அக்கம்பக்கத்தார் குறைந்தனர். குறையக் குறையத் தொலைவிலிருந்து வருவோரே மிஞ்சினர். அவர்களுக்கு இன்னும் இடம் வேண்டியதாயிற்று. தன் வாலைத் தானே தின்னும் பாம்பின் கதை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் என்பார், 2005இல் பெருநூல் ஒன்றே எழுதி இதன் மடமையை உடைத்துக் காட்டினார். இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று கிடையாது. அதன் விலையை வேறு யாரோ, பெரும்பாலும் காரே இல்லாதவர், கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் நிறுவிய உண்மை. அவர் 2025இல் மறைந்தார். அதற்கு முன்பே, 2017இல், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் அத்தகைய கட்டாய விதிகளை நகரெங்கும் நீக்கிவிட்டது. நோயைக் கொடுத்தவனே மருந்து தேடும் காலத்தில், நாம் நோயை விலைக்கு வாங்கப் போகிறோமா?

"இது கிறித்தவர்களின் சிக்கல், தமிழ் எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பாரும் உளர். முதலில், கிறித்தவர்களிலும் தமிழர் உண்டு. பினாங்கு சாலையின் புனித சவேரியார் ஆலயமும் சிங்கப்பூர் ஓஃபிர் சாலையின் லூர்து மாதா ஆலயமும் தமிழ்க் கத்தோலிக்கர் தழைத்த இடங்கள். அடுத்து, அச்சுவர்களில் கல் சுமந்த கைதிகளுள் நம்மவரும் இருந்தனர். கால் விலங்கோடு வேலை செய்தவனுக்கு இந்நாட்டில் வேறு நினைவுச் சின்னம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று தேவாலயத்துக்குத் தரும் இசைவை நாளை கோயிலுக்கு மறுக்க எந்த மன்றத்தாலும் இயலாது, மறுக்கவும் கூடாது. குயின் தெரு மாரியம்மன் கோயிலைப் பாருங்கள். இருபுறமும் கடைவீடுகள் அணைத்து நிற்க, கோபுரத்தைத் தெருவிலேயே நீட்டிக்கொண்டு அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். வளாகமும் இல்லை, தோட்டமும் இல்லை. கார் நிறுத்த இடம் வேண்டுமென்று ஒரு நிர்வாகக் குழு தலைப்பட்டால், அடுத்த வீட்டை இடிப்பதன்றி வேறு வழியில்லை. அன்று "கோயில் காரியம்" என்று சொல்லி நம்மவர் கையெழுத்து இயக்கம் நடத்துவர்; எதிர்ப்பவனைச் சமயத் துரோகி என்பர். அந்த நாள் வருமுன், பிறர் ஆலயத்தின் பொருட்டே நம் நிலையைச் சொல்லிவைப்பது நேர்மை.

இனி மாநகர் மன்றத்தாரிடம் சில சொல். உங்கள் கையில் கருவிகள் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. 2016இல் அரசிதழில் வெளிவந்த ஜார்ஜ் டவுன் சிறப்புப் பகுதித் திட்டமும் இருக்கிறது. இல்லாதது துணிவு. தேவாலயம் கேட்டால் விதிநூலைப் புரட்டுகிறீர்கள். விடுதி முதலாளி கேட்டால் வரைபடத்தைப் புரட்டுகிறீர்கள் என்ற பழி உங்கள்மேல் உண்டு. அப்பழி பொய்யென்று காட்டுவது உங்கள் கடமை. தேவாலயத்துக்கு எழுதும் மறுப்பையே, அதே சொற்களில், விடுதிக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். எழுத மனமில்லையாயின், தேவாலயத்துக்கும் எழுதாதீர்கள்; ஏழைக்கு ஒரு நீதி என்ற நிலையில் நானும் உங்கள் பக்கம் நிற்கமாட்டேன்.

மறுப்பது மட்டும் போதாது. ஞாயிறு காலையில் அந்நகரில் பூட்டிக் கிடக்கும் அலுவலக வளாகங்களும் பள்ளி முற்றங்களும் எத்தனை! ஏற்கெனவே தாரிட்ட தரை அவை. அவற்றின் உரிமையாளரையும் ஆலயத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, வாரத்துக்கு நான்கு மணி நேரம் வாயிலைத் திறந்துவைக்க ஒப்பந்தம் எழுதித் தருவது மன்றத்துக்கு ஒரு பிற்பகல் வேலை. ஆலயத்தாருக்கும் ஒரு சொல். ஆண்டுதோறும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் பேருந்து அமர்த்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகத் தெரிந்த உங்களுக்கு, ஞாயிறுதோறும் இரண்டு வேன்கள் அமர்த்தத் தெரியாதா? வளாகத்தைத் தாரிட ஒதுக்கும் தொகை, பல ஆண்டுகளுக்கு அவ்வேன்களை ஓட்டும். பூட்டிக் கிடக்கும் கடைவீடுகளைச் சீர் செய்து, புறநகருக்குப் போன குடும்பங்களில் நான்கையேனும் குறைந்த வாடகைக்குத் திரும்பக் குடியமர்த்த ஆலயத்தின் நிலவருவாயைப் பயன்படுத்த முடியுமா என்பதையும் உங்கள் நிதிக்குழு ஆராயலாம். அக்குடும்பங்களுக்கு நிறுத்துமிடம் தேவைப்படாது.

மாநகர் மன்றத்தார் இவ்விண்ணப்பத்துக்கு எழுதும் மறுமொழியில் இசைவில்லை என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடக் கூடாது. கார் இல்லாமல் வா என்று சொல்பவர், எப்படி வருவது என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். ஆயர் ஈத்தாமிலிருந்தும் பாயான் பாருவிலிருந்தும் ஞாயிறு எட்டு மணித் திருப்பலிக்கு வந்துசேரும்படியான முதல் பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படும், ஆலய வாயிலிலிருந்து எத்தனை அடி தொலைவில் நிற்கும் என்பதையும் அதே தாளில், கையொப்பத்துக்கு மேலே, எழுதி அனுப்பட்டும்.